அறுபத்து நாலாவது கேள்வி

கேள்வித்தாளுக்கு உலகத்தில் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘கண்டிப்பா’.

கேள்வித்தாள் என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் காதில் விழும்படிதான் சொல்வார்கள். நாற்பத்தாறு வயது, மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. பையில் தண்ணீர் பாட்டில், ஒரு குடை, அதற்கப்புறம் அந்தப் பட்டியல். நான்கு பக்கம், அறுபத்து மூன்று கேள்விகள். அதை அவள் கையில் எடுத்துவிட்டால் எதிரே இருப்பவருக்கு அன்றைய பொழுது போயிற்று.

அவள் வேலை பார்க்கும் நிறுவனம் பெரிதல்ல. முப்பது பேர், ஒரு மாடி, ஏறினால் பாதியில் நின்றுவிடும் ஒரு லிஃப்ட். இரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஊசி குத்தி இரத்தம் எடுத்ததும் குழாயில் ஒரு லேபிள் ஒட்டுவார்களே, யாருடைய இரத்தம், என்ன பரிசோதனை என்று, அந்த லேபிளில் தொடங்கிக் கடைசியில் கைக்கு வரும் அறிக்கை வரை எல்லாம் அந்த மென்பொருளின் பொறுப்பு. எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதென்றால் ஒரு பிறவி போதாது. அதனால் சில பாகங்களை வெளியே வாங்கிப் பொருத்துவார்கள். வீடு கட்டுகிறவர் பூட்டைக் கடையில் வாங்கி மாட்டுகிற மாதிரி. அந்தப் பூட்டு பூட்டுமா, சாவி தொலைந்தால் கடைக்காரர் கடையில் இருப்பாரா என்று வாங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்வதுதான் கேள்வித்தாளின் வேலை.

இந்த வேலையில் நல்ல பெயர் வாங்கியவர் யாரும் கிடையாது. சரியாகப் பார்த்தால் ‘இழுத்தடிக்கிறாள்’ என்பார்கள். அவசரமாகப் பார்த்தால், பின்னால் கெட்டுப்போகும்போது ‘அப்பவே பார்த்திருக்கக் கூடாதா’ என்று கேட்பதும் அதே வாய்தான்.

அவள் பார்க்கும் விதமே தனி. விற்பவர் காட்டும் டெமோவைக் கண்கொண்டு பார்க்க மாட்டாள். “டெமோவுல எல்லாம் ஓடும். ஓடாததை எவன் காட்டுவான்?” என்பாள். பாகத்தைத் தன் கணினியில் போட்டு, அதன் உயிரை வாங்குவாள். நோயாளியின் பெயர் நாற்பது எழுத்து இருந்தால் என்ன செய்யும்? ஒரே பெயரில் ஒரே வயதில் இரண்டு பேர் வந்தால்? பாதி அச்சடிக்கும்போது கம்பியைப் பிடுங்கினால்? கடைசியாகப் புதுப்பித்தது எப்போது, அதற்கு முன்னால் எப்போது, இடையில் ஏன் ஒன்றரை வருஷம் தூக்கம்? மற்றவர்கள் கேட்ட கேள்விகளில் பதில் கிடைக்காமல் எத்தனை தொங்குகின்றன? உரிம ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படிக்கிற ஜீவன் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான் இருக்க வேண்டும். ஒருவர் அதை எழுதிய வக்கீல். இன்னொருத்தி இவள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பட்டியல் கிடையாது. அப்போது லேபிள் அச்சடிக்கும் பாகம் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டார்கள். போட்டுப் பார்த்தாள், அழகாக அச்சடித்தது, வாங்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள். பாகத்தைப் பார்த்தாளே தவிர விற்றவர்களைப் பார்க்கவில்லை. எட்டே மாதத்தில் அந்த கம்பெனி கம்பி நீட்டிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை லேபிள்கள் வெற்றுக் காகிதமாக வர ஆரம்பித்தன. போன் செய்தால் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. மெயில் போட்டால் கிணற்றில் போட்ட கல். இவர்களே முட்டி மோதி ஒரு ஒட்டுப்போட்டு அதை ஓட வைக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

அந்தப் பதினோரு நாளும் பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் லேபிள்களைக் கையால் எழுதியவள் அவளுடைய சொந்த அக்கா. இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவள், கை சுத்தம், பேச்சு குறைவு. ஒரு நாளைக்கு முந்நூறு குழாய்கள். ஒன்பதாம் நாள் இரண்டு குழாய்கள் மாறிவிட்டன. ஒரு குறையும் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நிஜமாகவே நோயுள்ளவர் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் ஒரு குடும்பம் அழுது தீர்த்த பிறகு, மறுபடி எடுத்துப் பார்த்ததில் உண்மை தெரிந்து, போனவரை ஓடிப்போய் அழைத்து வந்தார்கள்.

விசாரணை நடந்தது. நீள மேசை. ஒரு பக்கம் அக்கா, தனியாக. எதிர்ப்பக்கம் மென்பொருள் நிறுவனம்: மேலாளர், பக்கத்தில் கேள்வித்தாள். மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க மென்பொருள்ல எந்தத் தப்பும் இல்ல. கையால எழுதினதுல நடந்த மனிதத் தவறு” என்றார். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை மேசையைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவின் கோப்பில் ஒரு காகிதம் ஏறியது. அவளுக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பு அவளைவிட எட்டு வருஷம் இளையவருக்குப் போனது.

அக்கா மூன்று மாதம் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்று, “ஏணி இருக்கா?” என்று கேட்டாள். ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு பேச்சு வந்தது, ஆனால் வேலையைப் பற்றி மட்டும் கிடையாது. அந்த மூன்று மாதத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் அறுபத்து மூன்று கேள்விகளும்.

இப்போது அந்த மருத்துவமனைக்குப் புது அச்சு இயந்திரங்கள் வருகின்றன. ஒட்டுப்போட்ட பழைய பாகம் அவற்றோடு ஒத்துப் போகாது. புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும். “மூணு கம்பெனியைப் பார்த்து ஒண்ணைச் சொல்லுங்க” என்று மேலாளர் சொன்னபோதே ஒன்றை அவர் முடிவு செய்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த கம்பெனியின் விற்பனையாளர் அப்போதே மேலாளர் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

விற்பனையாளருக்கு அவள் வைத்த பெயர் ‘கண்டிப்பா’. பளபளவென்று ஷூ, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. பட்டியலை விரித்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“கோளாறு வந்தா எவ்வளவு நேரத்துல பதில் சொல்வீங்க?”

“உடனே மேடம். கண்டிப்பா.”

“உடனேன்னா? பத்து நிமிஷமா, பத்து நாளா?”

“கண்டிப்பா மேடம்.”

“ரெண்டுல எதுக்குக் கண்டிப்பா?”

“எது உங்களுக்கு வசதியோ அதுக்கு மேடம்.”

பல்லைக் கடித்துக்கொண்டாள். “நாளைக்கு உங்க கம்பெனியையே மூடிட்டீங்கன்னு வைங்க. எங்க கதி என்ன? மூல நிரலை, அதான் அந்த சோர்ஸ் கோடை, எங்ககிட்டயோ பொதுவான ஒருத்தர்கிட்டயோ கொடுத்து வைப்பீங்களா?”

“கண்டிப்பா யோசிக்கலாம் மேடம்.”

“யோசிப்பீங்களா, கொடுப்பீங்களா?”

“கண்டிப்பா.”

அறுபத்து மூன்று கேள்விக்கும் அந்த மனிதர் இப்படித்தான். கடைசியில், “உங்க மென்பொருள்ல கோளாறே வராதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கும் கண்டிப்பா. காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டாமா? மூல நிரலைப் பற்றி மெயிலில் எழுதிக் கேட்டதற்கு மட்டும் மறுநாள் இரண்டே வரியில் பதில் வந்தது: கொள்கை முடிவு, இயலாது. வாய்க்கு ஒரு நியாயம், எழுத்துக்கு ஒரு நியாயம்.

இனி தானே பார்ப்பது என்று இறங்கினாள். அந்த கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பினாள், தனக்குப் பதில் தெரிந்த கேள்வி. ஒன்பது நிமிஷத்தில் பதில் வந்தது, தெளிவாக, படத்தோடு. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வாங்கப் போகிறவருக்கு ராஜ உபசாரம் செய்வார்கள், வாங்கியவருக்குச் செய்வார்களா? ஏற்கெனவே வாங்கியவர்கள் மூன்று பேரின் எண்ணைக் கண்டிப்பா கொடுத்திருந்தார். மூன்று பேரும் ‘எங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சிய சேவை’ என்று ஒரே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். ஒருவர் நடுவில் மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கினார்.

அன்று மாலை பேருந்துக்கு நின்றபோது பக்கத்துக் கூரியர் அலுவலகத்தில் ஒருவர் பார்சலோடு வெளியே வந்தார். பார்சலில் லேபிள். லேபிளின் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் அதே கம்பெனியின் குறி. பேருந்தை விட்டுவிட்டு உள்ளே போய் வரிசையில் நின்றாள். அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. முறை வந்ததும் தன் குடையைக் கொடுத்து, தன் வீட்டு முகவரிக்கே அனுப்பச் சொன்னாள். குமாஸ்தா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு லேபிளை அடித்தார்.

“இந்த லேபிள் மெஷின் கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுவீங்க?”

“ஏன் கேக்கறீங்க?”

“அதையே நாங்களும் வாங்கப் போறோம்.”

குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது. “தைரியமா வாங்குங்கம்மா. ஒருத்தர் இருக்காரு, தங்கமான மனுஷன். போன் அடிச்சா ரெண்டாவது மணியில எடுத்துடுவாரு. இந்தாங்க, அவரோட ஆபீஸ் நம்பர்.”

வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது, குடை பார்சலில் இருந்தது. நனைந்துகொண்டே நின்றவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. குறை கண்டுபிடிக்கப் போய், நல்ல சேதி கேட்டு, அதற்காக எரிச்சல்படும் பிறவி வேறு யாராவது இருப்பார்களா?

அடுத்த இரண்டு நாள் உதவிப் பிரிவைப் படாதபாடு படுத்தினாள். தன் பெயரில் நான்கு, பழைய தோழி ஒருத்தியின் பெயரில் மூன்று, எல்லாம் வம்புக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நான்கு வெவ்வேறு பெயர்களில் நான்கு ஊழியர்கள் பொறுமையாக எழுதியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உதவிப் பிரிவை அவள் பார்த்ததில்லை. தன் பட்டியலை எடுத்து நேர்மையாக மதிப்பெண் போட்டாள். அறுபத்து மூன்றுக்கு ஐம்பத்தெட்டு. மனசே இல்லாமல் அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

பதில்களோடு வந்த படங்களை அறிக்கையில் வரிசையாக ஒட்டியபோதுதான் கை நின்றது. விளக்கத்துக்காகக் கணினித் திரையை அப்படியே படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு திரையின் பின்னணிப் படத்திலும் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சின்னப் பெண் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. நான்கு ஊழியர்கள். நான்கு திரைகள். ஒரே குழந்தை.

கூரியர் குமாஸ்தா கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். தான் யார் என்பதை மறைக்காமல் சொன்னாள்.

“ஐயா, அங்க உதவிப் பிரிவுல நீங்க எத்தனை பேர்?”

“நாலு பேரும்மா.”

“நாலு பேருக்கும் ஒரே பொண்ணா?”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, களைத்துப்போன சிரிப்பு.

“பார்த்துட்டீங்களா? மூணு வருஷத்துல யாருமே பார்க்கலை.”

அவள் கையில் பட்டியல் இருந்தது. அதில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். “நீங்க லீவு போட்டா யாரு பார்ப்பாங்க?”

“லீவா?” அவர் அந்தச் சொல்லை எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி சொன்னார். “இந்த மென்பொருளை எழுதினவங்க மூணு பேரும் எப்பவோ போயிட்டாங்கம்மா. நான் சும்மா போன் எடுக்க வந்தவன். யாரும் இல்லாததால திறந்து பார்த்துப் பார்த்து நானே கத்துக்கிட்டேன். பொண்ணுக்குப் பல்லு விழுந்து முளைச்சே ஆச்சு, நான் இன்னும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கலை. அதான், மாசக் கடைசியோட போதும்னு எழுதிக் கொடுத்துட்டேன்.”

“எந்த மாசம்?”

“இந்த மாசம்தாம்மா.”

புது இயந்திரங்கள் வருவது அடுத்த மாதம் முதல் தேதி.

“நான் இதை எங்க மேலாளர்கிட்ட சொல்லியே ஆகணுங்க.”

“சொல்லுங்க. எத்தனை பேருக்கு நான்தான் பொய் சொல்றது? என் பேரை மட்டும் போட்டுடாதீங்க.”

“நாலு பேர்ல எது உங்க பேரு, அதே எனக்குத் தெரியாதே.”

“நாலும் இல்லம்மா” என்றார் அந்த நல்ல மனிதர்.

மறுநாள் காலை நாற்பது பக்க அறிக்கையோடு மேலாளர் முன் நின்றாள். முதல் பக்கத்துக்கு மேல் எதையும் படித்து அவருக்குப் பழக்கம் இல்லை. முதல் பக்கத்தில் மதிப்பெண் இருந்தது.

“அறுபத்து மூணுக்கு ஐம்பத்தெட்டு! இத்தனை வருஷத்துல நீங்க எவனுக்கும் நாப்பதுக்கு மேல போட்டதில்ல. அப்புறம் என்னம்மா?”

“சார், ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கேன். உதவிப் பிரிவுல மொத்தமே ஒரே ஆளு. அவரும் மாசக் கடைசியில போறாரு.”

“அது எத்தனாவது கேள்வி?”

“கேள்வி இல்ல சார். பட்டியல்ல அது இல்ல.”

“பட்டியல் யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அப்ப உங்க பட்டியல்படி பாஸ்தானே? ஆளு போனா வேற ஆளு வருவான். கம்பெனிக்காரங்க அவங்க கம்பெனியைப் பார்த்துக்க மாட்டாங்களா?” உடனே போனை எடுத்துக் கண்டிப்பாவைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். “உங்க ஆளு ஒருத்தர் போறாராமே, மாத்து ஏற்பாடு உண்டா?”

“கண்டிப்பா சார்!”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் மேலாளர், ஊரையே காப்பாற்றியவர் மாதிரி.

கேள்வித்தாள் தன் இருக்கைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். வேறு யாரும் அவளைத் தோற்கடித்திருந்தால் தாங்கியிருப்பாள். தன் பட்டியலே, தன் கையெழுத்தில் உள்ள ஐம்பத்தெட்டே, அவளைக் கவிழ்த்துவிட்டது. எத்தனை நிமிஷத்தில் பதில் வருகிறது என்று ஒன்பது விதமாகக் கேட்டவள், பதில் சொல்வது எத்தனை பேர் என்று ஒரு தடவை கேட்கவில்லை. இது என்ன மாதிரிப் புத்திசாலித்தனம்?

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாகத் தொடாத பேச்சைத் தங்கை தொட்டாள். புதுப் பாகம், நான்கு பெயர், ஒரே குழந்தை, ஐம்பத்தெட்டு மதிப்பெண் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது.

அக்கா ஒரு போர்வையின் இரண்டு முனைகளை அவளிடம் நீட்டினாள். “பிடி. கத்தாதே.”

பிடித்தாள். இருவரும் மடித்தார்கள்.

“உன் அறுபத்து மூணு கேள்வியும் அந்த கம்பெனிக்காரனுக்கு. என்னை யாராவது ஒரு கேள்வி கேட்டீங்களா?”

“உன்னை என்னக்கா கேக்கறது?”

“அச்சு வராட்டி நான் என்ன பண்ணணும்? அதை மட்டும் சொல்லு.”

“கையால எழுதாதே” என்றாள் தங்கை.

“எழுதாட்டி? டாக்டர் வந்து கத்துவாரு. வெளியில முப்பது பேரு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு நிப்பாங்க. என்கிட்ட பேனா இருக்கு. எழுதாம எப்படிடி உக்காருவேன்? அன்னிக்கு மட்டும் ஆசைப்பட்டா எழுதினேன்?”

“அவசரமானவங்களை எதிர்க்கட்டடத்துல இருக்கற வேற கூடத்துக்கு அனுப்பலாம். மத்தவங்களை மறுநாள் வரச் சொல்லலாம். எழுதாதேக்கா.”

“வாயால சொல்லாதே. அன்னிக்கும் உனக்கு வாய் இருந்துச்சு, மேசையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே.” அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை, போர்வையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். அதுதான் அதிகமாகச் சுட்டது. “எழுதிக் கொடு. கையெழுத்தோட. உன் கையெழுத்து வேண்டாம். அன்னிக்கு மனிதத் தவறுன்னு சொன்னாரே, அந்த மனுஷனோட கையெழுத்து.”

அன்று வீட்டுக்குப் போனதும் அறிக்கையில் நாற்பத்தோராவது பக்கத்தை எழுதினாள். பத்தே வரி. லேபிள் அச்சாகாதபோது கையால் எழுதிய லேபிளுடன் எந்தக் குழாயையும் ஏற்கக் கூடாது. அவசர நோயாளிகள் எதிர்க்கட்டடத்துக் கூடத்துக்குப் போவார்கள். தாமதத்துக்கு முழுப் பொறுப்பு மென்பொருள் நிறுவனத்துடையது; பரிசோதனைக் கூட ஊழியர் எவருடையதும் அல்ல. கீழே கையெழுத்திட்டவர் தகவல் கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் நேரில் வந்து, அச்சு மறுபடி வரும்வரை கூடத்திலேயே இருக்க வேண்டும். கீழே ஒரு கோடு, கையெழுத்துக்கு.

வெள்ளிக்கிழமை மேலாளர் போனும் கையுமாக இருந்தார். மறுமுனையில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

“சார், இவங்ககிட்ட வாங்க வேண்டாம், மத்த ரெண்டு கம்பெனியில ஒண்ணைப் பார்க்கலாம்ங்கறதுதான் என் முடிவு. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டுட்டேன். வாங்கறது உங்க முடிவு, முதல் பக்கத்துல நீங்க போடுங்க. கடைசிப் பக்கத்துலயும் ஒண்ணு போடணும். அது மருத்துவமனைக்குப் போகுது. படிச்சுட்டுப் போடுங்க.”

“படிச்சேன், படிச்சேன்.” முதல் பக்கத்தில் போட்டார்.

“இன்னும் புரட்டவே இல்லையே சார். என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்லட்டுமா?”

“தயவு செஞ்சு வேண்டாம்மா. உங்களுக்குக் கையெழுத்துதானே வேணும்?” புரட்டினார், கோடு இருக்கும் இடம் பார்த்துப் போட்டார், முத்திரையையும் குத்தினார். “திருப்தியா?”

மூன்றாவது தடவையும் சொல்ல வாயெடுத்தாள். அவர் போனில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அந்தப் பக்கத்தை வரிக்கு வரி இரண்டு முறை படித்துவிட்டு, யாரும் மனசு மாறுவதற்குள் என்கிற அவசரத்தோடு தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டினாள்.

ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அலுவலகத்தில் கேள்வித்தாளைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. மேலாளர் போகும்போதும் வரும்போதும் “ஐம்பத்தெட்டு!” என்று ஒரு குரல் கொடுப்பார். அவளுக்குச் சந்தேகம்கூட வந்தது, நாம்தான் எல்லாவற்றிலும் கெட்டதையே தேடுகிறோமோ என்று.

ஏழாவது வாரம், புதன்கிழமை காலை. அச்சு இயந்திரங்களில் ஏதோ ஒரு சின்ன மென்பொருள் மாற்றம் தானாக இறங்கியிருந்தது. ஒன்பது மணிக்கு லேபிள்கள் வெள்ளையாக வர ஆரம்பித்தன. அலுவலகத்தில் இரண்டு பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கோளாறு வாங்கிய பாகத்துக்குள்ளே, அதைத் திறக்க இவர்களிடம் வழி இல்லை. கேள்வித்தாள் உதவிப் பிரிவுக்கு எழுதினாள். ஒரே நொடியில் பதில் வந்தது: உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியமானது. கீழே அந்த நான்கு பெயர்களில் ஒன்று. படம் இல்லை, குழந்தை இல்லை. கூரியர்க்காரர் கொடுத்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்தேகாலுக்கு அக்காவின் போன் வந்தது.

“அச்சு வரலை.”

“தெரியும்க்கா. பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். எழுதினியா?”

“கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“டாக்டர்?”

“கத்தினாரு. சுவத்தைக் காட்டினேன். முழுசும் படிச்சாரு. அவசரமானவங்களை எல்லாம் எதிர்க்கட்டடத்துக்கு அவரே ஆள் விட்டு அனுப்பிட்டாரு. அப்புறம் இது யாரு கையெழுத்துன்னு கேட்டாரு. நம்பர் கொடுத்தேன்.”

அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடி அறையில் மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “வரேன் சார், இதோ வரேன்” என்று அவர் உதடு சொல்வது தெரிந்தது. வெளியே வந்தார்.

“இதுல நான் எப்பம்மா கையெழுத்துப் போட்டேன்?”

“நாப்பத்தோராம் பக்கம் சார். ரெண்டு தடவை சொன்னேன்.”

“அந்த கம்பெனிக்காரன்கிட்ட பேசினீங்களா? எப்ப சரியாகும்னு சொன்னான்?”

“நீங்களே கேளுங்க சார்.”

அவர் நின்ற இடத்திலேயே கூப்பிட்டார். அந்தக் குரல் ஒலிபெருக்கியில் துள்ளிக்கொண்டு வந்தது. “இன்னிக்கே பார்த்துடலாம் சார், கண்டிப்பா!”

மேலாளர் கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு, லிஃப்டைப் பார்த்துவிட்டு, படி வழியாக இறங்கினார்.

போனில் அக்கா இன்னும் இருந்தாள். “கிளம்பிட்டாரா?”

“கிளம்பிட்டாரு. அக்கா, வந்ததும் அவர்கிட்ட ஒண்ணும் பேசிடாதே.”

“நான் எதுக்குப் பேசறேன்? எனக்கு எதிர்ல ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு வச்சிருக்கேன். அச்சு வர்ற வரைக்கும் உக்காந்து என் முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்.”